லேப்டாப்பில் ஹார்ட்வேர் சோதனை பாப்-அப் மறுபடி மறுபடி வருகிறது: நிறுத்துவது எப்படி?

#1 சுவாசூகாங்_வாசி

வணக்கம். ஐந்து வருட லேப்டாப், விண்டோஸ் 11 ஹோம். உள்ளே இரண்டு டிஸ்க்: சி டிரைவ் 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க். மூன்று வாரமாக லாகின் செய்த சில நிமிடத்தில் ஒரு பெட்டி வருகிறது. "ஹார்ட் டிஸ்க்கில் சிக்கல் கண்டறியப்பட்டது, உடனே பேக்கப் எடுங்கள்" என்று பொருள்படும் வாசகம். மூடினால் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருகிறது. இது போக, லேப்டாப் நிறுவனத்தின் செயலியும் வாரத்துக்கு ஒருமுறை "ஹார்ட்வேர் சோதனை செய்யவா?" என்று கேட்கிறது. அதில் குவிக் டெஸ்ட் ஓட்டினால் எல்லாமே பாஸ். பாஸ் ஆன பிறகும் ஏன் வருகிறது? இரண்டையும் எப்படி நிறுத்துவது?

#2 பீஷான்99

சர்வீசஸ் திறந்து 'டயக்னாஸ்டிக் பாலிசி சர்வீஸ்' என்பதை ஸ்டாப் செய்து, ஸ்டார்ட்அப் டைப்பை 'டிசேபிள்டு' ஆக்குங்கள். ரீஸ்டார்ட். வேலை முடிந்தது.

#3 வன்தட்டு_வைத்தியர்

பீஷான் தம்பி, அந்த சர்வீஸ் டிஸ்க்குக்கு மட்டும் இல்லை. அதை நிறுத்தினால் நெட்வொர்க் கோளாறு கண்டுபிடிக்கும் வசதி வேலை செய்யாது. "டயக்னாஸ்டிக் பாலிசி சர்வீஸ் ஓடவில்லை" என்று இன்னொரு செய்திதான் வரும். செட்டிங்ஸில் காட்டும் டேட்டா பயன்பாட்டுக் கணக்கும் நின்றுபோகும். ஒரு பெட்டியை அடைக்க மூன்று விஷயத்தைக் கெடுக்க வேண்டாம்.

சுவாசூகாங் நண்பரே, முதலில் எந்தப் பெட்டியை யார் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். "ஹார்ட்வேர் டயக்னாஸ்டிக்ஸ் பாப்-அப்" என்று நாம் சொல்வது நான்கு வேறு இடங்களிலிருந்து வரலாம்: விண்டோஸ் ஏறுவதற்கு முன் பயாஸ், விண்டோஸ், தயாரிப்பாளரின் செயலி, கடைசியாக பிரவுசர். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது.

கண்டுபிடிக்கும் வழி இது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'புராசஸ் எக்ஸ்ப்ளோரர்' இலவசமாகக் கிடைக்கும். அதன் மேல்பட்டையில் குறிவட்டம் போல ஒரு ஐகான் உண்டு. பாப்-அப் திரையில் இருக்கும்போதே அந்தக் குறிவட்டத்தைப் பிடித்து இழுத்து, பெட்டியின்மேல் விடுங்கள். அதைப் போட்ட நிரல் பட்டியலில் தேர்வாகி நிற்கும். வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'இமேஜ்' தாவலில் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும்.

வலது மூலையில் வழுக்கி வரும் சின்ன அறிவிப்புக்கு மட்டும் இது உதவாது. விண்டோஸ் ஷெல்லின் பெயரைத்தான் காட்டும். அதற்கு செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்க் கீழே உள்ள செயலிப் பட்டியலைப் பாருங்கள். கடைசியாக அறிவிப்பு அனுப்பியது மேலே இருக்கும்.

#4 சுவாசூகாங்_வாசி

செய்து பார்த்தேன். டிஸ்க் பெட்டியைப் போடுவது 'டிஎஃப்டிவிஸ்' என்ற கோப்பு, சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கிறது. வாராந்தரப் பெட்டி லேப்டாப் நிறுவனத்தின் ஃபோல்டரிலிருந்து வருகிறது.

#5 வன்தட்டு_வைத்தியர்

அப்படியானால் முதல் பெட்டி விண்டோஸ் போடுவதுதான், போலி இல்லை. ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே கணக்கு வைக்கும். அதை 'ஸ்மார்ட்' என்பார்கள். "நான் தாங்கமாட்டேன்" என்ற கொடியை டிஸ்க் தூக்கினால்தான் டிஎஃப்டிவிஸ் எழும்.

குவிக் டெஸ்ட் பாஸ் ஆவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குவிக் டெஸ்ட் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும். மோட்டார், ஹெட், கொஞ்சம் பரப்பு, அவ்வளவுதான் பார்க்கும். 1 டிபியை முழுதாகப் படிக்க, நொடிக்கு 100 எம்பி வேகம் என்று வைத்தாலும் 10,000 நொடி ஆகும், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டு நிமிடத்தில் வந்த 'பாஸ்' டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

அந்த ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' நிரலை இறக்கி, டி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் பதினாறடிமானத்தில் தெரியும். மெனுவில் ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றுங்கள். 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளை இங்கே போடுங்கள். 05-இல் 'கரன்ட்', 'த்ரெஷோல்டு' இரண்டும் வேண்டும்.

முக்கியமாக, இப்போதே எக்ஸ்டென்டட் டெஸ்ட் ஓட்டாதீர்கள். 'செக் டிஸ்க்' பழுதுபார்ப்பும் வேண்டாம். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை மூன்று மணி நேரம் ஓடவிட்டால், காப்பாற்ற வேண்டிய கோப்பு அதிலேயே போய்விடும். பேக்கப் முதலில்.

#6 மழைத்துளி_ஈசூன்

இதே தலைப்பில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், அண்ணே. எனக்கு விண்டோஸ் வருவதற்கு முன்பே ஹார்ட்வேர் டயக்னாஸ்டிக்ஸ் திரை வந்துவிடுகிறது. வெளியே வந்து ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் விண்டோஸ் வரும், சில நேரம் மறுபடி அதே திரை. எல்லாச் சோதனையும் பாஸ்.

#7 சிம்லிம்_பெஞ்ச்

அக்கா, இது பயாஸ் பக்கம். விண்டோஸுக்குள் எதை அணைத்தாலும் நிற்காது. நீங்கள் சொல்லும் அறிகுறியில் நான் முதலில் சந்தேகப்படுவது கீபோர்டை.

ஹெச்பி லேப்டாப்பில் பவர் போட்டதும் எஃப்2 அழுத்தினால் சோதனைத் திரை வரும். டெல்லில் எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு பவர் போட்டால் அதுவே நடக்கும். அந்த விசை அழுந்தி மாட்டிக்கொண்டாலோ, அதன் அடியில் மெம்பிரேன் ஷார்ட் ஆனாலோ, நீங்கள் அழுத்தியதாகவே பயாஸ் எடுத்துக்கொள்ளும். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில், ஒருமுறை கோப்பியோ தே தாரிக்கோ சிந்திய கீபோர்டு பல மாதம் கழித்துக்கூட இந்த வேலையைக் காட்டும். சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சில நாள் வரும், சில நாள் வராது.

சோதிக்கும் முறை: விண்டோஸுக்குள் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு திறந்து வையுங்கள். நிஜக் கீபோர்டில் அழுத்தும் விசை அதில் நிறம் மாறும். தொடாமலே எஃப்2 மின்னினால் பிடிபட்டது. ஃபோல்டரில் கோப்பின் பெயர் மாற்றும் கட்டம் தானாகத் திறப்பதும் எஃப்2 கோளாறுதான். எஃப்என் மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது, அது விண்டோஸ் வரைக்கும் வராது.

சுத்தம் செய்ய: ஷட் டவுன், சார்ஜர் கழற்றல், லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து அழுத்தக் காற்றுக் குப்பியால் விசையின் ஓரத்தில் ஊதுதல். குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் திரவமாக வெளியே வரும், நிமிர்த்தியே பிடியுங்கள். ஒட்டல் இருந்தால் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பஞ்சுக்குச்சியில் நனைத்து ஓரம் துடைத்து, முழுக்க உலர விடுங்கள். சரியாகவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, பிறகு கீபோர்டு ரிப்பனைக் கழற்றுங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டி ஆன் செய்யுங்கள். ரிப்பன் இல்லாமல் நேராக விண்டோஸ் வந்தால் கீபோர்டு மாற்ற வேண்டியதுதான்.

கீபோர்டு நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம், பூட் தோல்விக் கணக்கு. டெல்லின் பயாஸில் 'சப்போர்ட் அசிஸ்ட் சிஸ்டம் ரெசல்யூஷன்' என்ற பகுதியில் 'ஆட்டோ ஓஎஸ் ரெக்கவரி த்ரெஷோல்டு' இருக்கும். ஆஃப், 1, 2, 3 என்று தேர்வுகள். 2 என்றால், இரண்டு முறை தொடர்ந்து பூட் சரியாக முடியாவிட்டால் மீட்புத் திரைக்குப் போய்விடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கும் பழக்கம் இருந்தாலே இது கிளம்பும். ஆஃப் வைத்தால் திரை நிற்கும். ஆனால் பூட் ஏன் தோற்கிறது என்று பார்க்காமல் ஆஃப் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, திரையில் எண் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஹெச்பியில் 3எஃப்0 என்றால் பூட் செய்ய டிஸ்க் கிடைக்கவில்லை என்று பொருள், எஸ்எஸ்டி தளர்ந்திருக்கலாம் அல்லது போயிருக்கலாம். 90பி என்றால் ஃபேன். என்டர் தட்டித் தாண்டலாம், ஆனால் ஃபேன் நின்றுபோன லேப்டாப்பில் வேலை செய்தால் சூடேறி வேகம் குறைந்து தானாக அணையும். 601 என்றால் பேட்டரி கொள்ளளவு மிகவும் குறைந்துவிட்டது. நேரமும் தேதியும் ஒவ்வொரு முறையும் பழையதுக்குப் போனால் சிஆர்2032 பட்டன் பேட்டரி, 3 வோல்ட். புது மாடல்கள் பலவற்றில் தனிப் பட்டன் பேட்டரியே இல்லை, பெரிய பேட்டரி முழுக்க வடிந்தால் நேரம் போகும்.

#8 மழைத்துளி_ஈசூன்

எஃப்2 தான். ஆன்-ஸ்கிரீன் கீபோர்டில் தானாகவே விட்டுவிட்டு மின்னுகிறது. சுத்தம் செய்து பார்க்கிறேன். பயாஸைத் தொட வேண்டியதில்லையே?

#9 சிம்லிம்_பெஞ்ச்

வேண்டாம். இனி எப்போதாவது தொட நேர்ந்தால் முன்பே பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள், அக்கா. 48 இலக்கம். ஹோம் பதிப்பிலும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லையோ மாற்றினால் அடுத்த பூட்டில் அந்தச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அச்செடுத்துத் தனியாக வைப்பது நல்லது.

#10 சுவாசூகாங்_வாசி

எண்கள் இதோ. மேலே சிவப்புக் கட்டம்.
05: கரன்ட் 8, த்ரெஷோல்டு 10, ரா 3,912
சி5: ரா 112
சி6: ரா 112
சி7: ரா 0
ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற மூலத்தில் ஐடி 7 நிறைய, ஐடி 52 அவ்வப்போது.

#11 வன்தட்டு_வைத்தியர்

டிஸ்க் முடிந்துவிட்டது. மறைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை.

05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க் பரப்பின் சிறு துண்டுகள்). கரன்ட் எண் த்ரெஷோல்டுக்குக் கீழே இறங்கியதால்தான் கொடி ஏறியது. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். அந்த 112 இடங்களில் உங்கள் கோப்பு ஏதாவது இருந்தால் அது ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. சி7 பூஜ்யம் என்பதால் கேபிள் காரணம் இல்லை. சி7 ஏறிக்கொண்டே போயிருந்தால் ரிப்பனைக் கழற்றி மாட்டினாலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. ஐடி 7 கெட்ட பிளாக்கைச் சொல்கிறது. ஐடி 52 என்பது, தான் செயலிழக்கப் போவதாக டிஸ்க் முன்னறிவித்ததை விண்டோஸ் பதிவு செய்தது.

இன்றிரவே செய்ய வேண்டியது: வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, ஈடு செய்ய முடியாதவற்றை முதலில் எடுங்கள். படங்கள், ஆவணங்கள், வருமான வரிக் கோப்புகள். திரைப்படம், இன்ஸ்டாலர் எல்லாம் கடைசியில். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் ஒரு கெட்ட கோப்பில் மாட்டி மணிக்கணக்கில் நிற்கும். விண்டோஸிலேயே இருக்கும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நல்லது. ஆனால் அதன் இயல்பு அமைப்பு, தோற்ற ஒவ்வொரு கோப்புக்கும் 10 லட்சம் முறை, 30 நொடி இடைவெளியில் திரும்ப முயல்வது. ஆர் சுவிட்சை 1 என்றும் டபிள்யூ சுவிட்சை 1 என்றும் கொடுத்தால் ஒருமுறை மட்டும் முயன்று அடுத்த கோப்புக்கு நகரும். லாக் சுவிட்சையும் சேர்த்தால் எது வரவில்லை என்று பட்டியல் கிடைக்கும். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்குமேல் அது டேட்டா மீட்புக் கூடத்தின் வேலை.

#12 பீஷான்99

சரி அண்ணே, அந்த சர்வீஸ் பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன். பேக்கப் எடுத்த பிறகு, புது டிஸ்க் வரும்வரை பெட்டியை மட்டும் அடக்க என்ன வழி?

#13 வன்தட்டு_வைத்தியர்

பெட்டியிலேயே "இந்தச் சிக்கலைப் பற்றி மீண்டும் கேட்காதே" என்ற தேர்வு உண்டு. அதையும் மீறி வந்தால் டாஸ்க் ஷெட்யூலர், லைப்ரரி, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டிஸ்க்டயக்னாஸ்டிக். அங்கே இரண்டு பணி இருக்கும். 'ரிசால்வர்' என்று முடிவதை வலது கிளிக் செய்து 'டிசேபிள்'. 'டேட்டா கலெக்டர்' என்று முடிவதைத் தொட வேண்டாம். இணையத்தில் பலர் சொல்லும் குரூப் பாலிசி வழி ஹோம் பதிப்பில் இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

#14 சிம்லிம்_பெஞ்ச்

டிஸ்க் மாற்றும் வேலை பற்றி. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன் கேட்டு வாங்குங்கள். பழையது 9.5 மிமீ என்றால் அடியில் சிறு ஸ்பேசர் வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு தளரும். பழைய டிஸ்க்கின் பக்கவாட்டில் உலோகச் சட்டம் நான்கு சிறு திருகுகளில் இருக்கும். அதைக் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள், பெட்டியில் வராது.

கழற்றுவதற்கு முன் ஒன்று மட்டும் கட்டாயம். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டிருந்தால், சி டிரைவ் எஸ்எஸ்டியில் இருந்தாலும் பூட் பகுதி ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். அதைத் தெரியாமல் கழற்றினால் விண்டோஸ் ஏறாது. எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது என்றால் டி டிரைவைப் பிடுங்கிவிடலாம், பாப்-அப்பும் அந்த நிமிடமே நிற்கும்.

புதியதை ஜிபிடி, என்டிஎஃப்எஸ் என்று அமைத்து, டி என்ற அதே எழுத்தைக் கொடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி-க்கு மாற்றி வைத்திருந்தவர்களுக்குப் பழைய பாதை அப்படியே வேலை செய்யும்.

#15 உட்லண்ட்ஸ்_மீனலோசனி

வாராந்தரப் பெட்டியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. அதை நிறுத்துவது எளிது, ஆனால் செய்ய வேண்டிய இடம் வேறு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் செயலிகள் சர்வீஸாகவும் டாஸ்க் ஷெட்யூலர் பணியாகவும் ஓடுவதால் அதற்கு அவை அசையாது. செயலிக்குள்ளேயே அட்டவணையை நிறுத்துவதுதான் சரி. டெல்லில் சப்போர்ட் அசிஸ்ட் அமைப்புகளில் தானியங்கி ஸ்கேன். ஹெச்பியில் சப்போர்ட் அசிஸ்டன்ட் அமைப்புகளில் அறிவிப்புகள். லெனோவோவில் வான்டேஜ், ஏசூஸில் மைஏசூஸ். வேண்டவே வேண்டாம் என்றால் செட்டிங்ஸ் வழியாக அன்இன்ஸ்டால் செய்யலாம், லேப்டாப் ஓடுவதற்கு அது அவசியமில்லை. டிரைவர், பயாஸ் அப்டேட்டை மட்டும் அவ்வப்போது நீங்களே பார்க்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் பள்ளி லேப்டாப் என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். கல்வி அமைச்சின் திட்டத்தில் வாங்கிய கற்றல் சாதனங்களில் சாதன நிர்வாகச் செயலி இருக்கும். பள்ளியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவிடம் கேளுங்கள். அலுவலக லேப்டாப்புக்கும் அப்படியே.

இன்னொன்று, வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். "உங்கள் ஹார்ட்வேர் பழுது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று தொலைபேசி எண்ணோடு முழுத்திரையில் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி எண் போடுவதில்லை. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு பிரவுசரை மூடுங்கள். மூலையில் அறிவிப்பாக வந்துகொண்டே இருந்தால் பிரவுசர் அமைப்புகளில், தளங்களின் அனுமதி, நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள். சந்தேகமாக இருந்தால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

#16 மழைத்துளி_ஈசூன்

இரண்டு நாளாக டயக்னாஸ்டிக்ஸ் திரை வரவில்லை. எஃப்2 மூடியின் அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. கடையில் கேட்க உரிமை உண்டா?

#17 உட்லண்ட்ஸ்_மீனலோசனி

பொதுவாக, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதி, பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆனால் எதையாவது சிந்தியதால் வந்த கோளாறு அதில் அடங்காது. கோரிக்கை கேட்டுப் போனால் அந்தப் பழுப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

#18 சுவாசூகாங்_வாசி

பேக்கப் முடிந்தது. 41 கோப்புகள் வரவில்லை, அவற்றில் ஒன்பது படங்கள். மற்றவை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இஎஃப்ஐ பகுதி எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, எனவே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். பெட்டி வரவில்லை. புது 1 டிபி எஸ்எஸ்டி நாளை மாட்டுகிறேன். பழையதை விற்கலாமா, எறியலாமா?

#19 சிம்லிம்_பெஞ்ச்

விற்காதீர்கள். அழித்தாலும், மாற்றிடம் கொடுக்கப்பட்ட அந்த 3,912 செக்டர்களை விண்டோஸால் எட்ட முடியாது. பழைய தகவல் அங்கேயே இருக்கும். சுத்தியலால் உடைக்கவும் வேண்டாம். 2.5 அங்குல டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தூளாகத் தெறிக்கும். டிஸ்க்கை அழித்துத் தரும் கடையில் கண்முன்னே துளை போடச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒருமுறை, அந்த ஒன்பது படங்களுக்காக, டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு ரோபோகாப்பியை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் நன்றாக ஆறிய நிலையில் மட்டும், ஒரே ஒரு தடவை.

#20 வன்தட்டு_வைத்தியர்

புதியதை மாட்டியதும் டாஸ்க் ஷெட்யூலர் போய் அந்த 'ரிசால்வர்' பணியை மறக்காமல் 'எனேபிள்' செய்துவிடுங்கள். புது எஸ்எஸ்டிக்கு ஏதாவது ஆனால் உங்களுக்குச் சொல்லப்போவதும் அதே பெட்டிதான்.